கூரைமேல் சுற்றிய கறுப்பு டேப்

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தேயிலைத் தோட்டம் சற்றுத் தாமதமாகத்தான் எழும்பும். காலை வேலைக் கணக்கெடுப்பான பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் இருக்காது. மலைக்கு ஓடும் அவசரம் இருக்காது. இலங்கை மலையகத்தில், லிந்துலையிலிருந்து ஏறி வரும் பாதைக்குக் கீழே, இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் வரிசை வீடுகளாய்க் கிடந்த லயத்தைச் சுற்றி ரொட்டி சுடும் வாசமும், தண்ணீர் விழும் பீலியடியில் துணி அடிக்கும் சத்தமும் பரவியிருந்தன. கடைசி வீட்டில் மட்டும் வினோதா ரொட்டியை ஆறவிட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே வெள்ளைத் திரை. நடுவில் ஒரு சிவப்பு அடையாளம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் சில வரிகள். அந்த வரிகளில் 'கனெக்‌ஷன்' என்ற ஒரு சொல்தான் அவள் கண்ணில் குத்தியது. கனெக்‌ஷன் போய்விட்டது. அதற்கு மேல் படிக்க அவளுக்கு மனம் இல்லை.

மறுநாள் காலை அவளுக்கு இன்டர்வியூ. கொழும்பில் ஒரு கம்பனி. வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதுதான் அதில் பெரிய விஷயம். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை என்று அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனவள், ஒரு மழை நாளில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்தாள். முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். பஸ் ரோட்டுக்கு ஏறுவதே அவளுக்கு ஒரு மலை ஏறுவது போலத்தான்.

தங்கையின் நிலைமையைப் பார்த்து, கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் லோஜன் ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி அனுப்பினான். பள்ளத்தில் கிடக்கும் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. ஒருவரோடு பேச வேண்டுமென்றால் மேல் ரோடு வளையும் முடக்குவரை ஏற வேண்டும். அதனால் தீபாவளிக்கு வந்தபோது, கூரைமேல் ஓர் இரும்புப் பைப்பை நட்டு, அதில் ஆன்டெனா பூட்டி, கேபிளை வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கேபிள்தான் வினோதாவுக்கு வெளியுலகம்.

முந்தின இரவு காற்றும் மழையும் பேயாட்டம் ஆடின. கரண்ட் போய், விடியும்போதுதான் வந்தது. அவளுடைய போனும் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அதைச் சார்ஜரில் செருகிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டவளுக்குத்தான் இந்த அதிர்ச்சி.

"என்னாச்சி புள்ள?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள் அம்மா வீரம்மா.

"இன்டர்நெட் வரலம்மா. நாளைக்கி இன்டர்வியூ..." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

வீரம்மா வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். பைப் நின்றது, ஆன்டெனாவும் இருந்தது. ஆனால் கேபிளில் ஓரிடத்தில் புதிதாக ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அவள் முகம் மாறியது.

"நேத்துப் பொழுது சாய சிவகரன் கூரை மேல நின்னானே! நான் பீலியடியிலேர்ந்து பாத்தேன்."

அவ்வளவுதான். சிவகரன் என்ற பெயர் போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டுச் சிவகரன் முன்பு கூட்டாளிகளோடு சேர்ந்து, டவுனில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் செம்புக் கம்பி களவெடுத்து, பிடிபட்டுச் சிறைக்குப் போனவன். தைப்பொங்கலுக்குச் சற்று முன்னால்தான் விடுதலையாகி வந்தான். வந்ததிலிருந்து யாரோடும் அதிகம் பேச மாட்டான், கிடைத்த கூலி வேலைக்குப் போவான், வீட்டைச் சீர்செய்வான். ஆனாலும் லயத்தில் ஒரு மண்வெட்டி காணாமல் போனால்கூட, எல்லாக் கண்களும் முதலில் அவன் வாசல் பக்கம்தான் திரும்பும். இப்போதோ, கேபிள். அதற்குள்ளே இருப்பதும் செம்பு. வேறு என்ன வேண்டும்?

வீரம்மாவின் சத்தத்தில் லயமே வாசலுக்கு வந்தது. தோட்டத் தலைவர் செல்லசாமிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, ஏணி வைத்து, தாமே கூரையில் ஏறிப் பார்த்தார்.

"புதுசா டேப் சுத்தியிருக்கு. வெட்டிப் பாத்துட்டு ஒட்டியிருக்கான்போல" என்றார் மேலிருந்தபடியே.

சிவகரனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி புஷ்பலீலா.

"நேத்து ஏன்டா கூரையில ஏறுன?"

"எங்க தகரம் கழண்டு கெடந்திச்சிங்க தலைவரே, ஆணியடிக்க ஏறுனேன். பாத்தா இவங்க பைப்பு ஆடிக்கிட்டு இருந்திச்சி. கம்பி போட்டுக் கட்டுனேன். கேபிள்லயும் ஒரு எடத்துல தோல் உரிஞ்சிருந்திச்சி. மழைத்தண்ணி எறங்குமேன்னு டேப் சுத்துனேன். அவ்ளோதாங்க."

"இந்தக் கதையெல்லாம் யாருகிட்ட? யாரையாச்சும் கேட்டுட்டா செஞ்ச?"

"வீட்ல யாரும் இருக்கலீங்க, ரெண்டு பேரும் பீலியடிக்குப் போயிருந்தாங்க. வந்தப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள மழை புடிச்சிருச்சி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிவகரன் வினோதாவைப் பார்த்தான். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தவன் போல இருந்தது அந்தப் பார்வை. வினோதாவின் மனமெல்லாம் மறுநாள் காலையில் இருந்தது. கையில் வந்த வாழ்க்கை நழுவிப் போகிறது என்ற பதற்றத்தில் அவள் கேட்டாள்:

"வேற யாருண்ணே கூரையில ஏறுனா?"

சிவகரன் தலையைக் குனிந்துகொண்டான். 

"நாளையிலேர்ந்து தேயில பெக்டரியில ஒனக்கு வேல போட்டுக் குடுக்கச் சொல்லி நான்தான் தோட்டத்துத் தொரைகிட்ட பேசி வச்சேன்" என்றார் செல்லசாமி கசப்போடு. "அத மறந்துடு. காலையில மொத வேலையா பொலிசுக்குப் போறோம்."

கூட்டம் கலைந்தது. வினோதா உள்ளே வந்து பழையபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். லயத்துச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் மூச்சு விட்டாலும் கேட்கும். புஷ்பலீலா அழுதுகொண்டே சொல்வது தெளிவாகக் கேட்டது: "இங்க இருக்க வேணாங்க. எங்கயாச்சும் போயிருவோம். ஒங்களத் தெரியாத எடமாப் பாத்துப் போயிருவோம்." அதற்குச் சிவகரன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பெட்டியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் மூலையில் சார்ஜில் கிடந்த போனை அவள் ஆன் செய்தாள். அது உயிர் பெற்று, 'டிங்' என்றது. பிறகு இன்னொரு 'டிங்'. தொடர்ந்து அழைப்பே வந்தது. ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் அவளுடைய பள்ளித்தோழி நிலக்ஷி.

"என்னடி, நாளைக்கி ரெடியா?"

"இல்லடி நிலா. எல்லாம் போச்சி. இன்டர்நெட்டே இல்ல. பக்கத்து வீட்ல ஒருத்தரு கேபிள வெட்டிட்டாரு" என்று வினோதா நடந்ததை அழுகையோடு சொன்னாள்.

நிலக்ஷி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நீ இப்ப எங்க நிக்கிற? மேல் ரோட்டு முடக்குலயா?" என்றாள்.

"இல்ல, வீட்லதான்."

"ஒங்க லயத்துல போனுக்குச் சிக்னல் வராதுன்னு சொல்லுவியே?"

"ஆமா. வராது."

நிலக்ஷி விடவில்லை. "அப்ப நான் இப்ப ஒன்கூட எது வழியாடி பேசிக்கிட்டு இருக்கேன்?"

வினோதா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வாட்ஸ்அப் அழைப்பு. மேலே வைஃபையின் அடையாளம் முழுதாக நின்றது. 

"ரவுட்டர்ல லைட்டெல்லாம் எப்புடி எரியுது?"

"பச்சையா... எல்லாமே பச்சையாத்தான் எரியுது."

"அப்ப கூரையில இருக்குற ஆன்டெனாவும் சரி, கேபிளும் சரி, நல்லா வேல செய்யிது. கோளாறு ஒன் கம்பியூட்டர்ல. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு? ஒரு சொல்லும் விடாமப் படி."

வினோதா அந்த வரிகளை முதன்முறையாக முழுவதும் படித்தாள். கனெக்‌ஷன் போய்விட்டது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் திகதியும் நேரமும் பிழையாக இருப்பதால் பாதுகாப்பான இணைப்பைத் தர முடியவில்லை என்றுதான் எழுதியிருந்தது. திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள். பத்து வருடத்துக்கும் முந்திய ஏதோ ஒரு ஜனவரி முதலாம் திகதியைக் காட்டியது.

"பழைய மெஷின்தானே?" என்று சிரித்தாள் நிலக்ஷி. "உள்ளுக்குள்ள கைக்கடிகாரத்துக்குப் போடுற மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதப்ப நேரத்த ஞாபகம் வச்சிக்கிறது அதுதான். அது செத்துப்போச்சி. ராத்திரி கரண்ட் போனதும் ஒன் கம்பியூட்டர் பழைய காலத்துக்குப் போயிருச்சி. வெப்சைட்டெல்லாம் திகதியப் பாத்துத்தான் நம்பும். திகதி பிழைன்னா கதவத் தொறக்காது. இப்ப சரியான திகதியப் போட்டுட்டு மறுபடி தொற."

வினோதா திகதியை மாற்றினாள். நேரத்தை மாற்றினாள். பக்கத்தைத் திறந்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் எல்லாம் வந்து நின்றது.

"வந்திருச்சி! நிலா, வந்திருச்சிடி! ஒன்ன நான் எப்புடி மறப்பேன்!"

"மறக்காட்டி சரி. செவ்வாக்கெழம நானே பேட்டரி கொண்டாந்து போட்டுத் தாரேன். அதுவரைக்கும் கரண்ட் போனா திகதிய மட்டும் பாத்துக்க." போனை வைக்கப் போனவள் மறுபடி கூப்பிட்டாள். "வினோ, கேபிள்ல தோல் உரிஞ்சிருந்திச்சின்னு சொன்னியே. டேப் சுத்தாம விட்டிருந்தா நேத்து மழைக்கித் தண்ணி எறங்கி, நெசமாவே கெட்டுப் போயிருக்கும். ஆடுன பைப்பு அந்தக் காத்துக்கு விழுந்திருக்கும். கட்டுன மனுசனுக்கு ஒரு கும்புடு போடுடி."

வீரம்மா திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். "மாரியாத்தா, எம்புள்ளயக் கைவிடலயே!" ஆனால் மகளின் முகத்தில் சந்தோசம் இல்லை.

"சிவா அண்ணே நம்ம கேபிளக் காப்பாத்தியிருக்காரும்மா. நாம அவருக்கு என்ன செஞ்சோம்?"

வீரம்மா பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுதான் சரியாயிருச்சே. நாளைக்கி ஒன் வேலையப் பாரு. நாமளே கூப்பாடு போட்டுட்டு, இப்ப நாமளே இல்லன்னு சொன்னா தலைவரு மொகத்துல எப்புடி முழிக்கிறது? பொலிசுக்கெல்லாம் வேணாம்னு மட்டும் சொல்லிருவோம். போதும்" என்றாள்.

"பொலிசுக்குப் போகாட்டி மட்டும் போதுமா? அவரு வேல போச்சே. அந்த அக்கா பெட்டி கட்டுறாங்க, கேக்கலியா ஒங்களுக்கு?"

வினோதா மூலையில் இருந்த கம்பை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். செல்லசாமியின் வீடு மேல் லயத்தில். மழையில் ஊறிய படிகள் வழுக்கின. ஒவ்வொரு படிக்கும் நின்று, காலை இழுத்து வைத்து ஏறினாள். பாதி வழியில் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. திரும்பினால், குடையோடு வீரம்மா. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லசாமி சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். வினோதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நானே ஏறிப் பாத்தேனே புள்ள. டேப்பு புதுசா..."

"டேப்பப் பாத்தீங்க தலைவரே. ஏன் சுத்துனேன்னு அவரு சொன்னத நாங்க யாருமே காதுல வாங்கல. நானும்தான். கம்பியூட்டர்ல எழுதியிருந்தத முழுசாப் படிச்சிருந்தாலே காலையிலயே தெரிஞ்சிருக்கும். நான் படிக்கல. அவரு பேரச் சொன்னதும் எனக்கு அதுவே போதும்னு ஆயிருச்சி."

செல்லசாமி கையைக் கழுவினார்.  கோபக்காரர்தான், ஆனால் நியாயம் தெரிந்த மனிதர். சட்டையை எடுத்து மாட்டினார்.

"லயத்துல அத்தன பேருக்கு முன்னால பழி சொல்லிட்டு, இங்க வந்து என்கிட்ட மட்டும் இல்லன்னு சொல்லி என்ன பிரயோசனம்? வாங்க, அங்கயே போய்ச் சொல்லுவோம்."

மூன்று பேரும் இறங்கி வருவதைப் பார்த்து லயம் மறுபடியும் கூடியது. சிவகரனின் வாசலில் கட்டிய பெட்டி ஒன்று இருந்தது. அவன் வெளியே வந்தபோது, பொலிஸ் வந்துவிட்டதோ என்ற பயம்தான் புஷ்பலீலாவின் கண்களில் தெரிந்தது.

வினோதா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகூப்பினாள்.

"அண்ணே, கேபிளுக்கு ஒன்னும் ஆகல. கோளாறு என் கம்பியூட்டருக்குள்ள இருந்திச்சி. நேத்து நீங்க டேப் சுத்தலன்னா, பைப்பக் கட்டலன்னா, இன்னிக்கி எனக்கு எதுவுமே இருந்திருக்காது. நன்றி சொல்ல வேண்டிய எடத்துல நான் ஒங்களக் கேக்கக்கூடாத கேள்வி கேட்டுட்டேன். எல்லாருக்கும் முன்னால கேட்டேன், எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுறேன். என்னய மன்னிச்சிருங்கண்ணே."

 செல்லசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் அவசரப்பட்டுட்டேன் சிவகரன். நாளைக்கிக் காலையில பெக்டரிக்கு வா. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

சிவகரன் வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்தான். பேசியபோது குரல் மெதுவாகத்தான் வந்தது.

"நான் கம்பி களவெடுத்தது நெசம் தங்கச்சி. அதுக்கு உள்ள இருந்தேன். செஞ்சதுக்குப் பட்டேன், அதுல எனக்கு யாரு மேலயும் கோவமில்ல. வெளிய வந்தப்புறம் செய்யாததுக்கெல்லாம் படுறதுதான் தாங்க முடியல. காலையில நீ கேட்டது எனக்கு நல்லா வலிச்சிச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கம்பியூட்டர் சரியாயிருச்சின்னு நீ பேசாம கதவச் சாத்தியிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இந்தக் காலோட அந்தப் படியேறிப் போயி எனக்காகப் பேசுன பாரு... எங்க வீட்டு ஆளுங்ககூட எனக்காக அப்புடிப் பேசுனதில்ல. நான்தான் ஒனக்கு நன்றி சொல்லணும்."

புஷ்பலீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் இருந்த பெட்டியை உள்ளே தூக்கிப் போனாள். வீரம்மா அவள் பின்னாலேயே போனாள். உள்ளே என்ன பேசினார்களோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் வீரம்மா அந்த வீட்டு அடுப்படியிலிருந்தே எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

மறுநாள் மலையெல்லாம் மூடுபனி. வெளுத்த சட்டை போட்டு, தலைவாரி, செல்லசாமியோடு புறப்பட்ட சிவகரன் வினோதாவின் வாசலில் நின்று, "லைட்டெல்லாம் பச்சையா எரியுதா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனான். இன்டர்வியூவுக்குச் சற்று முன்னால் கரண்ட் ஒருமுறை போய் வந்தது. வினோதா பதறவில்லை. திகதியை மாற்றினாள், திரை திறந்தது. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று அவள் முதலில் லோஜனிடம் சொன்னாள், பிறகு நிலக்ஷியிடம். அப்புறம் சுவரைத் தட்டி, பக்கத்து வீட்டுக்கும் சொன்னாள். இத்தனை பேர் சேர்ந்து தன்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது.

சில மாதங்கள் போயின. ஒரு மாலை, வீரம்மா மலையிலிருந்து கூடையோடு இறங்கி வரும்போது லயத்தில் ஒரே சத்தம். கணேசமூர்த்தியின் முட்டைக்கோழியைக் காணவில்லையாம். கூட்டத்தில் நின்ற ஒருத்தி குரலைத் தாழ்த்தி, சிவகரனின் வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, "பெக்டரி விட்டு வந்ததும் அந்தப் பக்கமாத்தான் போனாப்ல" என்றாள்.

வீரம்மா கூடையை டக்கென்று இறக்கினாள். லயத்தில் இதுவரை யாரும் கேட்டிராத குரல் அவளிடமிருந்து வந்தது.

"வாய மூடு! இதே எடத்துல நின்னு, இதே மாதிரி நானும் ஒரு நாள் சொன்னேன். எங்களுக்கு நல்லது செஞ்ச மனுசனையே கள்ளன்னு சொன்னேன். அவன் செஞ்ச தப்புக்குக் கோர்ட்டு தண்டன குடுத்திச்சி, அவனும் அனுபவிச்சிட்டு வந்துட்டான். அது முடிஞ்சப்புறமும் தெனம் தெனம் தண்டன குடுக்க நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஒரு தடவ தவறிப்போனவன ஆயுசுக்கும் கள்ளனாவே பாத்தா, அவன் திருந்தி என்னாத்துக்கு? ஒருத்தன் பேரச் சொல்லுறதுக்கு முன்னால, என்ன நடந்திச்சின்னு மொதல்ல தேடிப் பாருங்க. நடங்க எல்லாரும், இருட்டுறதுக்குள்ள கோழியத் தேடுவோம்."